அஞ்சு லைசென்ஸ் குடும்பம்

தாளிப்பில் கறிவேப்பிலை வெடித்துக்கொண்டிருக்கும்போதே அமீருன்னிசாவின் கைப்பேசி அடிக்க ஆரம்பித்துவிட்டது. காஜிமார் தெருவில் அந்த வீட்டுக்குப் பொழுது விடிவதே அந்தச் சத்தத்தில்தான்.

"அக்கா, திருவாதவூர்லருந்து அருள்பாண்டி பேசுறேன். ஓ.டி.பி. வந்துருக்கும், சொல்லுங்க."

அவள் கரண்டியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, கைப்பேசியைத் தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசித்தாள். "நாலு, ஒம்போது, ஒண்ணு... இருப்பா, எண்ணெய் தெறிக்குது... மறுபடி ஒண்ணு, ஏழு, சைபர்."

"கடைசி எட்டாக்கா?"

"சைபருடா, சைபரு! முட்டை!"

வாசலில் கூடையை இறக்கிய கீரைக்காரி ஒச்சாயி எட்டிப் பார்த்தாள். "இன்னைக்கு முட்டையாம்மா? அப்பக் கீரை வேணாமா?"

அவளை அனுப்பிவிட்டு அடுப்பைக் குறைப்பதற்குள் பசுமலையிலிருந்து திவ்யா கூப்பிட்டாள். அவளுக்கு ஒரு ஓ.டி.பி. அதற்கடுத்து ஆரப்பாளையத்திலிருந்து இன்னொருவருக்கு இன்னொன்று. கணவர் அப்துல் வஹீது டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ஏம்மா, எலெக்சனுக்கு வர்ற ஆட்டோவுல மைக்கக் கட்டிச் சொல்லிட்டா ஒரே தடவையில முடிஞ்சு போகும்ல?"

"உங்களுக்குப் பொறாம. உங்க பேரு எந்தக் கம்ப்யூட்டர்லயாவது வருதா?"

வராதுதான். பெல்ட்டும் மணிபர்சும் விற்கிற கடைக்காரரின் பெயர் எந்தக் கம்ப்யூட்டரில் வரும்? ஆனால் அமீருன்னிசாவின் பெயர் வந்தது. 'ஜெயசௌந்தர் ஸ்கேன்ஸ் அண்ட் லேப்ஸ்' குழுமத்தின் எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் மேல் மூலையில் 'வருக, அமீருன்னிசா' என்று பச்சை எழுத்தில் அது மினுங்கியது. குழுமம் என்றால் ஆரப்பாளையத்தில் தலைமையகம், பசுமலையில் ஒரு கிளை, திருவாதவூரில் இரத்தம் எடுத்து அனுப்புகிற ஓர் அறை. அந்த அறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஓர் அருள்பாண்டி. விசிட்டிங் கார்டில் அதற்குப் பெயர் 'ரூரல் டிவிஷன்'.

இந்தப் பெயர் மினுங்கல் வந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

கப்பலூர்ப் பக்கத்து மில் ஒன்று, தன் தொழிலாளர்கள் அத்தனை பேருக்கும் வருடாந்திர உடல் பரிசோதனை செய்ய ஆள் தேடியது. நோயாளிகளின் விவரம் வெளியே கசியாதபடி தகுந்த பாதுகாப்பு மென்பொருள் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. நிறுவனர், தலைவர், நிர்வாக இயக்குநர் என்ற மூன்று பதவிகளையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வகித்துவந்த சௌந்தரராஜன், உடனே சென்னையிலிருந்து விற்பனைப் பிரதிநிதி ஒருவரை வரவழைத்தார். டை கட்டிய ஸ்ரீனிவாஸ், ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் புழுதியோடு வந்து உட்கார்ந்தார்.

"சார், ஊழியர்கள் ஒவ்வொருத்தருக்கும் தனி பாஸ்வேர்ட். லாகின் பண்ணும்போது அவங்கவங்க போனுக்கு ஓ.டி.பி. வரும். யார், எப்ப, எந்த ரிப்போர்ட்டைத் திறந்தாங்கன்னு சிஸ்டம் பதிவு பண்ணிக்கும். லைசென்ஸ் தலைக்கு இவ்வளவுன்னு வருஷக் கணக்கு."

"வருசா வருசமா?" சௌந்தரராஜன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன் தம்பி, ஒரு இரும்பு பீரோ வாங்குறோம். பீரோக்காரன் வருசா வருசம் வந்து காசு கேப்பானா?"

"இது பீரோ இல்ல சார்."

"பீரோதான். பூட்டு சாவி இருக்குல்ல? சரி, சர்டிபிகேட் தருவீங்களா?"

"கண்டிப்பா சார். ஹாலோகிராம் ஒட்டி வரும்."

"அஞ்சு பேருக்கு வாங்குனாலும் தருவீங்க, அம்புட்டுப் பேருக்கு வாங்குனாலும் தருவீங்க?"

"ஆமா சார். குறைஞ்சது அஞ்சு வாங்கணும்."

"சர்டிபிகேட் ரெண்டும் ஒரே சைஸா?"

ஸ்ரீனிவாஸ் இந்தக் கேள்விக்குப் பயிற்சி பெற்றவரல்ல. "ஒரே சைஸ்தான் சார்."

"அப்ப அஞ்சு போடுங்க."

ஒருவருடைய லைசென்ஸை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது, அது விதிமீறல் என்று ஸ்ரீனிவாஸ் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். சௌந்தரராஜன் பெருந்தன்மையாகச் சிரித்தார். "அந்த ரூல்ஸ் எல்லாம் முன்னப்பின்னத் தெரியாதவங்க வேல பாக்குற எடத்துக்குத் தம்பி. இங்க நாங்க எல்லாரும் ஒரே குடும்பம்."

ஐந்து லைசென்ஸும் பங்கிடப்பட்டன. எந்த நல்ல காரியத்தையும் காலஞ்சென்ற தகப்பனார் பெயரில் தொடங்குவது அவருடைய வழக்கம். எனவே முதல் லைசென்ஸ் மாலை போட்ட படத்துக்கு. இரண்டாவது அவருக்கு. மூன்றாவது, வரவேற்பறைத் திரைச்சீலையின் நிறத்தைத் தேர்ந்தெடுத்ததோடு கடமை முடிந்துவிட்ட இயக்குநரும் அவருடைய மனைவியுமான நாகமணிக்கு. நான்காவது, நாகமணியின் தம்பி விஜய்ஆனந்துக்கு. அவர்தான் 'டைரக்டர், ஐ.டி.' மிச்சமிருந்த ஒன்றை ரிப்போர்ட் பிரிவோடு இணைத்து, அமீருன்னிசாவின் பெயரில் எழுதி, உயிரோடு வேலை பார்க்கிற இருபத்தாறு பேருக்கும் பொதுவாக்கிவிட்டார்கள்.

திறப்பு விழா பிரமாதமாக நடந்தது. மென்பொருளுக்கு ரிப்பன் வெட்ட முடியாது என்பதால் கம்ப்யூட்டருக்குக் கட்டி வெட்டினார்கள். நாதஸ்வரம், பந்தல், பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஃப்ளெக்ஸ், ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டுச் செலவில் அத்தனை ஊழியர்களுக்கும் ஆளுக்கொரு லைசென்ஸ் வாங்கியிருக்கலாம். ஆனால் லைசென்ஸுக்கு ஃப்ளெக்ஸ் வைக்க முடியாதே. அமீருன்னிசாவுக்குப் பொன்னாடை போர்த்தி, "இவங்கதான் நம்ம நிறுவனத்தோட சாவிக்கொத்து" என்று சௌந்தரராஜன் மைக்கில் அறிவித்தபோது அவள் பொன்னாடையின் நுனியை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டாள். ரிப்போர்ட் பிரிவில் பதினோரு வருடமாக உழைத்தவள். இத்தனை வருடத்தில் யாரும் அவளுக்கு ஒரு கைக்குட்டைகூடப் போர்த்தியதில்லை.

அந்த அலுவலகத்தில் ஏற்கெனவே ஒரு பழக்கம் இருந்தது. கேட்டால் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காதவர், சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துக்கொண்டு தனியாகத் தின்கிறவருக்குச் சமம். "ஏன், என்னைய நம்பலையா?" என்ற ஒரு கேள்வி போதும், எதிராளி கூசிப்போய் எண்களை ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவார். இனி அமீருன்னிசாவின் போன் இல்லாமல் குழுமத்தில் ஒரு சர்க்கரை ரிப்போர்ட்கூட வெளியே வராது. கல்யாண வீட்டிலும், மையத்து எடுக்கிற துக்க வீட்டிலும், பல் டாக்டர் நாற்காலியில் வாயைத் திறந்தபடியும்கூட அவள் ஓ.டி.பி. சொல்லியிருக்கிறாள். அலுத்துக்கொள்வாள். போன் அடிக்காவிட்டால் எடுத்து எடுத்துப் பார்ப்பாள்.

நுஸைபா வந்தது அப்படிப்பட்ட ஒரு வாரத்தில்தான்.

நுஸைபா எதிர்வீட்டுப் பெண். பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மேலூர் மாப்பிள்ளை அல் அமீனோடு நிக்காஹ் பேசி முடித்திருந்தது. மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போகிறது என்று டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்திருந்தார். ஊரில் ஸ்கேன் சென்டருக்கா பஞ்சம்? அவள் இங்கே வந்ததற்கு ஒரே காரணம் அமீருன்னிசா. "அமீருகிட்டச் சொன்னா அல்லாவுக்கும் அவளுக்கும்தான் தெரியும்" என்று தெருவில் சொல்வார்கள். யார் வீட்டு மருமகளுக்கு எந்தச் சோதனை, யாருக்குச் சர்க்கரை ஏறியது என்று இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து ஒரு சொல் சிந்தியதில்லை. அந்தத் தெருவில் அவளுக்கு இருந்த சொத்து அதுதான்.

"சினைப்பையில சின்ன நீர்க்கட்டி இருக்காம் மாமி," என்றாள் நுஸைபா, டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்து. "மாத்திரை சாப்பிட்டு, நடந்தாச் சரியாயிருமாம். எத்தனையோ பொண்ணுங்களுக்கு இருக்கிறதுதானாம். கட்டிக்கப் போறவர்கிட்ட நானே சொல்லிருவேன். ஆனா நாந்தான் சொல்லணும். வேற யாரும் சொல்லி அவரு கேக்கக் கூடாது."

"அல்லா மேல சத்தியமாச் சொல்றேன். உன் ரிப்போர்ட்ட என் கண்ணத் தவிர வேற கண்ணு பாக்காது."

மனதாரச் சொன்ன சத்தியம்தான். அந்த நேரத்தில் மூன்று ஊர்களிலும் எல்லாத் திரைகளிலும் 'வருக, அமீருன்னிசா' என்று மினுங்கிக்கொண்டிருந்தது மட்டும் அவள் நினைவுக்கு வரவில்லை. சிஸ்டத்தின் கணக்கில் அமீருன்னிசாவுக்கு அன்றைக்கு இருபத்தாறு ஜோடிக் கண்கள்.

மறுநாள் சாயங்காலம் அவள் கீழமாசி வீதியில் பலசரக்கு வாங்கிக்கொண்டிருந்தாள். விஜய்ஆனந்த் கூப்பிட்டார்.

"அக்கா, ஒரு ஓ.டி.பி. வரும், சொல்லுங்க."

"உங்களுக்குத்தான் தனியா இருக்கே தம்பி?"

"ஏன், எனக்குக் குடுக்க மாட்டீங்களா?"

"ஐயோ, என்ன தம்பி இப்படிக் கேட்டுட்டீங்க!" கடைக்காரர் பருப்பைப் பொட்டலம் கட்டி முடிப்பதற்குள் எண்ணைச் சொல்லிவிட்டாள்.

விஷயம் ரொம்பச் சாதாரணமானது. அல் அமீனின் அண்ணனும் விஜய்ஆனந்தும் ஒரே கிளப்பில் ஷட்டில் ஆடுகிறவர்கள். "மாப்ள, எங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணு உங்க லேப்புக்கு வந்துச்சாம்ல. என்னன்னு லேசாப் பாத்துச் சொல்லேன்" என்று அண்ணன் கேட்டார். நட்புக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? விஜய்ஆனந்த் திரையைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு ஆட்டத்துக்குப் போய்விட்டார். அந்தப் படம் ராத்திரிக்குள் மாப்பிள்ளை வீட்டு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், அங்கிருந்து மேலூரில் பாதிக்கும் போய்ச் சேர்ந்தது. போகிற வழியில் நீர்க்கட்டி வளர்ந்து பெரிய கட்டியாகி, "பிள்ளையே நிக்காதாம்" என்று தானாக ஒரு தீர்ப்பையும் ஒட்டிக்கொண்டது.

இரண்டு நாள் கழித்து நுஸைபாவின் அம்மா அமீருன்னிசாவின் வாசலில் வந்து நின்றாள். செருப்பைக் கழற்றவில்லை, உள்ளே வரவில்லை.

"நிக்காஹ்வத் தள்ளி வைக்கலாம்னு சொல்லிட்டாங்க. போட்டோவோட வந்துருக்குக்கா, ரிப்போர்ட்டு. எங்களுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், அடுத்து உங்களுக்குத்தான் தெரியும்."

"நான் சொல்லல!"

"அப்பச் செவுரா சொல்லுச்சு?"

அம்மாவுக்குப் பின்னால் நுஸைபா நின்றிருந்தாள். அழக்கூட இல்லை. வீட்டுக்கு வழி தெரியாமல் போனவள் தெருப் பெயர்ப் பலகையைப் பார்ப்பதுபோல அமீருன்னிசாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அமீருன்னிசா அவர்களையும் கூட்டிக்கொண்டு ஆரப்பாளையத்துக்கு ஓடினாள். சௌந்தரராஜன் அவர்களை உட்காரவைத்து, ஏ.சி.யைக் கூட்டி, விஜய்ஆனந்தையும் திவ்யாவையும் வரவழைத்தார். கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினார். விற்க வந்தவன் காட்டியதைவிட அதிகப் பெருமையோடு, "நம்ம சிஸ்டத்துல ஒரு ஈ நுழைஞ்சாலும் பதிவாயிரும்மா" என்றார்.

பதிவாகியிருந்தது. நுஸைபாவின் ரிப்போர்ட்டை முதலில் திறந்தவர்: அமீருன்னிசா. மறுநாள் சாயங்காலம் மறுபடியும் திறந்தவர்: அமீருன்னிசா.

"சாயங்காலம் நான் கீழமாசி வீதியில இருந்தேன் சார்! தொறந்தது விஜய் தம்பி. எங்கிட்ட ஓ.டி.பி. கேட்டு வாங்குனாரு."

விஜய்ஆனந்த் கைப்பேசியிலிருந்து தலையை எடுத்தார். "நானா? எனக்குத்தான் தனி லைசென்ஸ் இருக்கேக்கா. உங்களுத வாங்கி நான் என்ன செய்யப் போறேன்?"

"சார், இந்தப் பொது லாகின்ல எல்லாருந்தான வேல பாக்குறோம்? ஏன் திவ்யா, நீ சொல்லேன். தெனமும் காலையில எங்கிட்டத்தான கேட்டு வாங்குற?"

திவ்யா தரையைப் பார்த்தாள். முதலாளியைப் பார்த்தாள். மறுபடி தரையைப் பார்த்தாள். "எனக்கு ஓ.டி.பி.ன்னா என்னன்னே சரியாத் தெரியாதுங்க சார்."

அன்றைக்குக் காலையில்கூட, "சீக்கிரம் சொல்லுங்கக்கா, என் தங்கம்ல" என்று கொஞ்சியவள்.

"பாத்தீங்களாம்மா," என்றார் சௌந்தரராஜன், நுஸைபாவின் அம்மாவிடம் வருத்தமான குரலில். "மனுசங்க பொய் சொல்லலாம். சிஸ்டம் பொய் சொல்லாது."

அவர்கள் எழுந்து போனார்கள். கதவருகில் நுஸைபாவின் அம்மா திரும்பி, "பதினோரு வருசம் வாயக் கட்டிக்கிட்டிருந்து கடைசியில எங்க வீட்டுக்குத்தானா தொறந்தீங்க?" என்றாள்.

கதவு மூடியதும் சௌந்தரராஜனும் விஜய்ஆனந்தும் தங்கள் வீட்டு மொழியில், சௌராஷ்டிரத்தில், வேகமாகப் பேசிக்கொண்டார்கள். முதலாளியின் குரல் உயர்ந்தது. மச்சினன் தோளைக் குலுக்கினார். அமீருன்னிசாவுக்கு நடுநடுவே 'லைசென்ஸ்', 'மில்', 'ஷட்டில்' என்ற வார்த்தைகள் மட்டும் பிடிபட்டன. எல்லா வீட்டுக்கும் ஒரு பாஷை இருக்கும், அதில் குற்றமில்லை. ஆனால் 'ஒரே குடும்பம்' என்று மைக்கில் சொல்லப்பட்ட குடும்பத்துக்கும், கதவு மூடியபின் பேசிக்கொள்கிற குடும்பத்துக்கும் நடுவில் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்று மட்டும் சந்தேகமில்லாமல் புரிந்தது. யார் செய்தது என்று முதலாளிக்குத் தெரியும்.

"அமீருன்னிசா," அவர் குரல் இப்போது இழைந்தது. "திங்கக்கெழம மில்லுலருந்து சிஸ்டத்தப் பாக்க வாராங்க. அஞ்சு லைசென்ஸ வச்சு இம்புட்டுப் பேரும் ஓட்டுறோம்னு தெரிஞ்சா ஆர்டர் போயிரும். உங்க கை தவறி அனுப்பிட்டதா இருந்துட்டுப் போகட்டும். கொஞ்ச நாள் லீவுல இருங்க. அப்புறம் பசுமலையில போட்டுக்கிருவோம். குடும்பத்துக்காக ஒருத்தர் தாங்கிக்கிறதுதானே?"

"என் பேரு போயிருமே சார்."

"பேருதானம்மா. வந்துரும்."

அவள் எழுந்து வரவேற்பறையைத் தாண்டி வெளியே வந்தாள். நேற்றுவரை 'அக்கா, அக்கா' என்றவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் ஏதோ அவசர வேலையில் மூழ்கியிருந்தார்கள். ஒருவரும் தலை நிமிரவில்லை. எல்லார் திரையிலும் அவள் பெயர் மட்டும் பச்சையாக வரவேற்றுக்கொண்டிருந்தது.

வீட்டில் அவள் சோறு தின்னவில்லை. கீரைக்காரி ஒச்சாயி வந்தபோது வாசலுக்குப் போகவில்லை. தெருவில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு நின்றால் தன்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. பாதி நேரம் அது உண்மையாகவும் இருந்தது. அப்துல் வஹீது கேலியையெல்லாம் விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "ஊரு பேசுறதுகூடப் பரவாயில்லைங்க. அந்தப் புள்ள என்னையப் பாத்த பார்வைதான்..." என்று அவள் ஆரம்பித்து, முடிக்காமல் விட்டாள்.

ஞாயிறு லேபுக்கு விடுமுறை. திங்கட்கிழமை காலையில் போன் அடித்தது. திருவாதவூர். அவள் எடுக்கவில்லை. பசுமலை. எடுக்கவில்லை. ஆரப்பாளையம், மறுபடி பசுமலை, மறுபடி திருவாதவூர். சொல்லப்படாத ஓ.டி.பி.கள் திரையில் வரிசையாக எறும்புபோல ஏறின.

அவளை லீவில் அனுப்பிய அவசரத்தில், அவளுடைய போனும் கூடவே லீவில் போகிறது என்பதை டைரக்டர், ஐ.டி. யோசிக்கவில்லை. குழுமம் அப்படியே நின்றுபோனது. எண்ணை மாற்றலாம் என்று பார்த்தால், மாற்றுவதற்குப் பழைய எண்ணுக்கு ஒரு ஓ.டி.பி. போயிற்று. சௌந்தரராஜனுக்குத் தன் பாஸ்வேர்ட் மறந்துபோயிருந்தது. நாகமணிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தகப்பனார் பெயரில் உள்ள லைசென்ஸை முயன்றார்கள். அவர் உயிரோடு இருந்தபோது வைத்திருந்த எண் இப்போது உசிலம்பட்டிப் பக்கம் விருமாண்டி என்ற ஒருவரிடம் இருந்தது. "எங்கப்பாவுக்கு வந்த ஓ.டி.பி.யக் கொஞ்சம் சொல்லுங்கண்ணே" என்று சௌந்தரராஜன் கெஞ்ச, "யாருகிட்டடா வேலையக் காட்டுற? நம்பரக் கேட்டு ஏமாத்துற கூட்டம்தானடா நீ? யாருக்கும் சொல்லாதன்னு மெசேஜ்லயே போட்ருக்கு!" என்று அவர் வைத்துவிட்டார். அந்தக் குழுமத்தின் பாதுகாப்பு மென்பொருளைச் சரியாகப் பயன்படுத்திய ஒரே மனிதர் விருமாண்டிதான்.

வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுத்தவர்களும், மதியம் ஆபரேஷனுக்கு ரிப்போர்ட் வேண்டியவர்களும் கவுண்டரில் கத்த ஆரம்பித்தார்கள். மில் ஆட்கள் கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்தது. சௌந்தரராஜன் காரை எடுத்தார்.

காஜிமார் தெருச் சந்துக்குள் கார் நுழையாது. வெள்ளைச் சட்டை முதலாளி சாக்கடையைத் தாண்டித் தாண்டி நடந்துவர, பின்னால் விஜய்ஆனந்த் வந்தார். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டில் நுஸைபாவும் அவள் அம்மாவும் வாசலுக்கு வந்தார்கள். நுஸைபா சில நாளாகப் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை.

"அமீரும்மா!" பதினோரு வருடத்தில் முதல் தடவையாக முதலாளி அவளை அப்படிக் கூப்பிட்டார். "பேஷண்டுங்க காத்துக்கிட்டிருக்காங்க. ஒரே ஒரு ஓ.டி.பி. சொல்லுங்க."

அமீருன்னிசா படியில் நின்றபடி விஜய்ஆனந்தைப் பார்த்தாள். "ஏன் தம்பி, உங்களுக்குத்தான் தனி லைசென்ஸ் இருக்கே. உங்களுதுல தொறக்க வேண்டியதுதான?"

விஜய்ஆனந்த் எரிச்சலில் இருந்தார். யோசிக்காமல் சொன்னார்: "டைரக்டர் லைசென்ஸ்ல ரிப்போர்ட் செக்‌ஷன் வராதுக்கா. உங்களுதுல மட்டுந்தான் தொறக்கும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. சௌந்தரராஜன் கண்ணை மூடிக்கொண்டார். எதிர்வாசலில் நுஸைபாவின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்தினாள். "அப்ப அன்னைக்கு... என்னுதுல நான் பாப்பேன், அக்காவுது எதுக்குன்னு சொன்னீங்களே தம்பி?"

"ஃப்ரெண்டு கேட்டான், பாத்துச் சொன்னேன்," என்றார் விஜய்ஆனந்த், தெருவைப் பார்த்து. "கல்யாணம் பண்ணிக்கப் போறவங்கதான? தெரிஞ்சா என்ன குத்தம்?"

நுஸைபாவின் அம்மா சந்தின் குறுக்கே ஓடிவந்து அமீருன்னிசாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உங்களப் போயி நான்..." அமீருன்னிசாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. போன பெயர் வந்துவிட்டது. தெருவே பார்த்திருக்க வந்துவிட்டது.

"சரிம்மா," என்றார் சௌந்தரராஜன், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி. "உண்ம தெரிஞ்சுபோச்சு. மனசு ஆறிருச்சுல்ல? இப்ப ஓ.டி.பி.யச் சொல்லுங்க."

வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கும் கிழவர்களை நினைத்தாள். மனது லேசாக இருந்தது. கை பழக்கதோஷத்தில் போனை எடுத்தது, கண் சுருங்கியது. "ஏழு, ரெண்டு..."

"மாமி."

நுஸைபா தன் வாசலைவிட்டு இறங்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"இந்தத் தடவ அதுல யாரோட ரிப்போர்ட்டத் தொறப்பாங்க?"

அமீருன்னிசாவின் வாய் மூடிக்கொண்டது.

"அவரு திருடுனாரு, தெரிஞ்சுபோச்சு. உங்க மொதலாளி மறைச்சாரு, அதுவும் தெரிஞ்சுபோச்சு. உங்க பேரு திரும்ப வந்துருச்சுன்னு அழுகுறீங்க, சந்தோசம். என்னுது வருமா? கட்டிக்கப் போறவர்கிட்ட நானே சொல்லியிருந்தா அது என் வார்த்தை. இப்ப அது ஊரு வார்த்தையாப் போச்சு. உங்க கண்ணத் தவிர வேற கண்ணு பாக்காதுன்னு சத்தியம் பண்ணீங்களே, அன்னைக்கும் காலையில எத்தன பேருக்கு இப்படிப் படிச்சுக் காட்டுனீங்க? உங்களுக்குப் பொன்னாடை போட்டாங்கன்னு என் உடம்போட சாவிய ஊருக்கே குடுத்துட்டீங்களே மாமி."

போன் கையில் அதிர்ந்துகொண்டிருந்தது. தான்தான் ஏமாற்றப்பட்டவள் என்று மூன்று நாளாக அழுதவளுக்கு, தானும் ஏமாற்றியவள் என்பது அந்த வெயிலில் நின்றபடி தெரிந்தது. அவளை முதலாளி நம்பவைத்துக் கைவிட்டார். அவளை நம்பி வந்தவளை அவள் அதேபோலக் கைவிட்டிருக்கிறாள். துரோகம் செய்யக் கெட்ட மனது தேவையில்லை. மறுக்கக் கூசுகிற நல்ல மனதே போதும்.

அமீருன்னிசா போனை அணைத்தாள்.

"சார், இன்னைக்குக் காத்துக்கிட்டிருக்கிறவங்க ரிப்போர்ட்ட நானே வந்து, நானே உக்காந்து, அவங்கவங்க கையில எடுத்துக் குடுக்குறேன். நம்பரச் சொல்ல மாட்டேன். உங்களுக்கும் சொல்ல மாட்டேன், என் வீட்டுக்காரருக்கும் சொல்ல மாட்டேன். கடைசி ஆளு போனதும் கம்ப்யூட்டர்லருந்து என் பேர அழிச்சிருங்க. மில்லுக்காரங்க கேட்டா நடந்தத நடந்தபடி சொல்லுவேன். இந்தப் புள்ள போலீசுக்குப் போனா சாட்சிக்கும் வாரேன்."

"அமீருன்னிசா, என்ன பேசுறீங்க? நம்ம குடும்பத்துக்குள்ள ஒரு நம்பிக்கை..."

"நம்பிக்கைங்கிறது கேட்டதும் பாஸ்வேர்டக் குடுக்குறது இல்ல சார். யாரு கேட்டாலும் குடுக்காம இருக்கிறதுதான். ஜனங்க நம்மள நம்பிக் குடுத்தது அவங்க உடம்ப. அதப் பூட்டி வைக்க ஆளுக்கு ஒரு சாவி வேணும். அஞ்ச வாங்கி அம்புட்டுப் பேரும் பொழங்குறது சிக்கனம் இல்ல சார், களவு."

சௌந்தரராஜனுக்கு மற்றதெல்லாம் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஒரு சொல் மட்டும்தான் விழுந்தது.

"ஆளுக்கு ஒண்ணா? ஏம்மா, ஆளுக்கு ஒண்ணு வாங்குனா எம்புட்டு ஆகும்னு தெரியுமா?"

பதில் எதிர்வாசலிலிருந்து வந்தது.

"வாங்குனா எம்புட்டு ஆகும்னு உங்களுக்குத் தெரியும் சார்," என்றாள் நுஸைபா. "வாங்கலேன்னா எம்புட்டு ஆகும்னு எனக்குத் தெரியும்."